லிஸ்பன் தேவாலய வாசல்

இஞ்சேருங்கோ,

கனடாவில் டோர்செட் பார்க்கில்தான் இன்னும் இருக்கிறோம். நீங்கள் காணாத மகள் பள்ளிக்கூடம் போகிறாள்.

கனடாக் கடவுச்சீட்டு கிடைத்ததும் லிஸ்பனுக்குப் போய்வந்தேன். கள்ளக் கடவுச்சீட்டில் எங்களைக் கனடாவுக்கு அனுப்ப வந்த ஏஜென்சிக்காரன், உல்லாசப் பயணிகளாய் நடிக்கச் சொல்லிப் பாடமாக்கித் தந்த கோட்டை, கோபுரம், தேவாலயம் எல்லாம் உண்மையாகவே இருக்கின்றன.

அன்று கனடா விமானம் ஏற நின்ற லிஸ்பன் விமான நிலையத்தில், “தேவாலயம் பார்த்தீர்களா?” என்று அதிகாரி கேட்டார். “ஓம், சப்பாத்தை வாசலில கழட்டி வச்சிட்டுப் போய்க் கும்பிட்டனாங்கள்” என்றீர்கள். அவர் சிரித்துவிட்டு, என்னைப் போகச் சொல்லி, உங்களை மட்டும் ஒரு கதவுக்குள் கூட்டிப்போனார். நான் விமானத்தில் ஏறிப் பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துக் காத்திருந்தேன்.

இந்த முறை அதே விமான நிலையத்தில் விசாரித்தேன். அங்கே ஒருவருக்கும் உங்களைத் தெரியவில்லை.

தேவாலயத்துக்குள் எல்லோரும் சப்பாத்தோடுதான் நடக்கிறார்கள். நான் கழற்றிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது வாசலில் என்னுடைய சப்பாத்து மட்டும் கிடந்தது.

உங்கட மனிசி