மாற்றி வாங்கிய தண்ணீர் முறை

றோஸ்லி அப்பாவுக்கு,

வரப்பு வெட்டிவிட்டு நீங்கள் வீட்டுக்கு வரும்போது நானும் றோஸ்லியும் திருநெல்வேலி பஸ்ஸில் இருப்போம். கஞ்சி மண்சட்டியில் இருக்கிறது, காணத்துவையல் உறியில். என் மேலுள்ள கோபத்தைக் கஞ்சியிடம் காட்ட வேண்டாம்.

“வயலுக்குத் தண்ணி முறை வர்ற அன்னைக்கு மதுரைக்குத் தூணு பாக்கப் போவணுமா?” என்று நேற்று கத்தினீர்கள். பிள்ளை சாப்பிடாமலே படுத்துவிட்டாள். அதனால் விடிந்ததும் நானே பக்கத்து வயல் அணஞ்சபெருமாளிடம் போய்க் கேட்டேன். இன்று நம் முறைத் தண்ணீரை அவர் பாய்ச்சிக்கொள்வார். வெள்ளிக்கிழமை அவர் முறை நமக்கு. அதற்குள் திரும்பிவிடலாம். பொம்பளை போய் முறை மாற்றுவதா என்று குதிக்காதீர்கள். “அண்ணன ரயில்ல போவச் சொல்லுங்க, மடைய நான் பாத்துக்கிடுதேன்” என்று அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மதியம் ஒரு பஸ் இருக்கிறது. ரயில் சாயங்காலம்தான். ஸ்டேஷன் வாசலில் நிற்போம். வீட்டைப் பூட்டிச் சாவியை அவர் வீட்டில் கொடுங்கள். ஆட்டுக்கும் அவர்களே தழை போடுவார்கள்.

ஞானப்பூ

உங்கள் கரைவேட்டியைப் பெட்டியில் தேட வேண்டாம். அது என் பையில் வருகிறது.

இன்னொன்று. நாயக்கர் மகால் தூண் இரண்டு பேர் கைகோத்தாலும் அடங்காது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். செருப்பு மாட்டும்போதும் இவள் கேட்கிறாள்: “நம்ம ரெண்டு பேரு கையும் எட்டாதேம்மா. அப்பா கை நீளம் இல்லியா?”