நம் வீட்டு வாசலில் நின்ற குழாய்

கேப்டன் மகளின் உத்தரவுக்கு ஒருநாளும் பணியாத என் அப்பாவுக்கு,

போன மாதம் அம்பாங்கான் வீட்டுக்குச் சாயம் அடிக்க அலமாரியை நகர்த்தினோம். அடியிலிருந்து உங்கள் இரத்த அழுத்த மாத்திரைகள் ஒவ்வொன்றாக உருண்டு வந்தன. "போட்டுட்டேம்மா, போட்டுட்டேன்" என்று தலையாட்டிவிட்டு, அங்கேதான் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். சிரித்துக்கொண்டே பொறுக்கினேன், அப்புறம் அழுதேன். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது. இன்னும் என்னை ஏமாற்றிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. உங்கள் பழைய மோட்டார் சைக்கிளை விற்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். நான் இன்னும் போர்ட்டிக்சன் இராணுவ முகாமில்தான் இருக்கிறேன். சாயங்காலம் சி ரூசா பக்கம் கடலோரமாக ஓடுகிறேன். புதிதாக வந்த சிப்பாய்கள் மரியாதைக்காக என் பின்னாலேயே ஓடி வருகிறார்கள், பாவம்.

பெரிய சேதி ஒன்று இருக்கிறது. நான் மறுபடியும் படிக்கிறேன். சனிக்கிழமைகளில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன், அனைத்துலக மேம்பாட்டில் முதுகலை. "அதுல என்னம்மா சொல்லிக் குடுப்பாங்க?" என்று கேட்பீர்கள். வெளியிலிருந்து ஒரு ஊருக்கு நல்லது செய்யப் போகிறவர்கள் எங்கே சரியாகச் செய்தார்கள், எங்கே சொதப்பினார்கள் என்று படிக்கிறோம். சொதப்பலுக்கு என்னிடமே சரக்கு இருந்தது.

லெபனானில் அமைதிப் படையோடு இருந்தபோது மலைமேல் ஒரு கிராமத்துக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்தோமே, அதைத்தான் சொல்கிறேன். எங்கே வைப்பது என்று முடிவு செய்தது நான். ஒவ்வொரு முறை போகும்போதும் ஊர்த் தலைவர் வாசலில் நாற்காலி போட்டு, ஏலக்காய் மணக்கும் காப்பி கொடுப்பார். லோரி அதுவரைக்கும் வரும், நிழலும் உண்டு. காப்பி கொடுத்தவர் வாசலிலேயே தொட்டியை வைத்துவிட்டோம். நாடா வெட்டி, கைதட்டி, படமும் எடுத்துக்கொண்டோம்.

மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். தொட்டி நிறையத் தண்ணீர். கீழ்த்தெருப் பெண்களோ அப்போதும் பள்ளத்து ஊற்றிலிருந்துதான் சுமந்து வந்தார்கள். ஒரு அம்மாளை நிறுத்தி, மொழிபெயர்ப்பவர் மூலம் ஏன் என்று கேட்டேன். "தண்ணீர் நல்ல தண்ணீர்தான். அந்த வாசலில் எங்களால் நிற்க முடியாது" என்றார். நான் அதை 'உள்ளூர்ப் பகை' என்று அறிக்கையில் எழுதிவிட்டு ஊர் திரும்பினேன்.

உங்களிடம் இந்தக் கதையைச் சொல்லவில்லை. கைதட்டும் படத்தை மட்டும் காட்டினேன். நினைவிருக்கிறதா? கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தீர்கள். "யாரு வீட்டு வாசல்மா இது?" என்று கேட்டீர்கள். ஊர்த் தலைவர் வீடு என்று பெருமையாகச் சொன்னேன். படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, வெளியே போய் மோட்டாரைத் துடைத்தீர்கள். மகள் வெளிநாட்டில் கஷ்டப்பட்டதை நினைத்து வருந்துகிறீர்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

வகுப்பில் அந்தத் தொட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். கடைசியில், எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரே குழாய்தான், ஆனாலும் எல்லோரும் ஒற்றுமையாகத் தண்ணீர் எடுத்தோம் என்று ஒரு பத்தி சேர்த்தேன். பேராசிரியர் அந்தப் பத்தியைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டார். "இதை யாரிடம் கேட்டு எழுதினீர்கள்?" என்றார். யாரிடம் கேட்க வேண்டும், நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது, அப்பா. சரி, சாட்சியோடு வருகிறேன் என்று தம்பின் பட்டணத்துக்குப் போனேன்.

லெட்சுமி அக்காவை உங்களுக்குத் தெரியும். கடைசி லயத்து வீட்டில் இருந்தவர், நீங்கள் மண்டோராக நின்று வேலை வாங்கிய பிரிவில் பால்மரம் வெட்டியவர். இப்போது தம்பின் பசாரில் கீரை விற்கிறார். அந்தப் பத்தியை வாசித்துக் காட்டினேன். கீரைக் கட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டார். 'எல்லோரும்' என்ற இடத்தில் கையை நிறுத்தினார்.

"எல்லாரும்னா யாரு பாப்பா?"

தோட்டத்தில் இருந்த எல்லோரும்தான் என்றேன்.

"கொழா எங்க இருந்துச்சு? மண்டோர் வீட்டு வாசல்ல. உங்கப்பா சாயங்காலம் அங்கதான ஒக்காந்திருப்பாரு. ஒடம்பு முடியலன்னு ஒருநா பெரட்டுக்குப் போவலன்னு வையி, அன்னிக்கு அந்தப் பக்கமே தலை காட்ட முடியாது. 'கொடம் தூக்கத் தெம்பு இருக்கு, மரம் வெட்டத் தெம்பு இல்லியா'ன்னு எல்லார் முன்னாடியும் கேப்பாரு. ரெண்டாவது புள்ள வயித்துல இருந்தப்ப பாதி நாளு எனக்குக் காய்ச்சல்லா. பின்னால கெணத்துத் தண்ணியத்தான் குடிச்சேன். ஒரே துரு வாடை."

பெரட்டு என்றதும் விடியலில் நீங்கள் பெயர் கூப்பிடும் குரல் எனக்குக் கேட்டது. கணீரென்ற அந்தக் குரலை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அந்தக் குரலுக்குப் பயந்து ஒரு கர்ப்பிணிப் பெண் துருத்தண்ணீர் குடித்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் எப்போதும் முதல் ஆளாகக் குடம் நிரப்புவேனே. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்று எல்லோரும் வழிவிடுகிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து, குழாய் எப்படி நம் வாசலுக்கு வந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். லெட்சுமி அக்கா கொடுத்தனுப்பிய கீரைதான், காசு வாங்க மறுத்துவிட்டார். "அளந்து பாக்க வந்தவங்களுக்கு நாந்தான் தேத்தண்ணி போட்டுக் குடுத்தேன். நம்ம வாசல்லயே போடுங்க, ஒடஞ்சா நான் ஆபீஸ்ல சொல்றேன்னாரு உங்கப்பா. நல்லதுக்குத்தான சொன்னாரு?" என்றார்.

ஒரு வாய் தேநீர், ஒரு வாய் காப்பி. நீங்கள் இடம் கொடுத்தீர்கள், நான் இடம் பார்த்தேன். இரண்டு பேருமே நல்லதுக்குத்தான் செய்தோம். அப்படியும் ஏன் அப்பா கடைசி வீட்டுக்காரர்களைக் கேட்கத் தோன்றவில்லை?

இதை ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாக எழுதச் சொல்கிறார் பேராசிரியர். பேசியவர்கள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். மறுபடி தம்பினுக்குப் போனேன். லெட்சுமி அக்கா முழுப் பெயரையும் நிதானமாக எழுதிவிட்டுப் பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டார். "உங்கப்பா கெட்டவருன்னு மட்டும் எழுதிறாத பாப்பா. எம்மவனுக்கு வலிப்பு வந்தப்ப மோட்டார்ல தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனவரு அவருதான். அதயும் எழுது" என்றார். அந்த மோட்டாரைத்தான் அம்மா விற்கவிடாமல் வைத்திருக்கிறார்.

அவர் கையெழுத்து கிடைத்துவிட்டது. உங்கள் கையெழுத்துக்கு நான் எங்கே போவேன்? மூன்று வாரமாக ஒரு வரிகூட எழுத ஓடவில்லை. பெயரை மாற்றிவிடலாம், வேறு ஏதோ ஒரு தோட்டத்து மண்டோர் என்று போட்டுவிடலாம் என்றெல்லாம் யோசித்தேன். உங்களை ஊரார் முன் நிறுத்துகிறேனோ என்று கணினியை மூடி வைத்தேன். நீங்கள் குழாயடியில் மற்றவர்களை நிறுத்தியதும் அப்படித்தானே என்று நினைத்தவுடன் உங்கள்மேல் கோபம் வந்தது. கோபம் வந்த கையோடு உங்களைப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

நேற்று பெட்டியைக் கிளறி அந்தப் படத்தை எடுத்தேன். நாடா, தொட்டி, கைதட்டும் நாங்கள். படத்தில் ஒருவர் கையிலும் குடமோ வாளியோ இல்லை. அத்தனை பேர் பார்த்த படத்தில் வாசல் யாருடையது என்று கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். தொட்டியைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்துவிட்டதா அப்பா? அன்றைக்கு மோட்டாரைத் துடைத்தபோது லெட்சுமி அக்காவை நினைத்துக்கொண்டீர்களா? அல்லது சும்மா கேட்டு வைத்தீர்களா? என் அருகில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானாவது மோட்டார் பக்கம் எழுந்து வந்து கேட்டிருக்கலாம்.

அத்தியாயத்தை எழுதப் போகிறேன். மண்டோரின் மகள் எழுதுகிறாள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன். கடைசி லயத்துத் துருத்தண்ணீரும் இருக்கும், ஆஸ்பத்திரிக்கு ஓடிய மோட்டாரும் இருக்கும்.

வருடக் கடைசியில் மறுபடி லெபனானுக்குப் போகப் பெயர் கொடுத்திருக்கிறேன். அனுப்பினால், காப்பி கொடுக்கிற வாசலுக்குக் கடைசியாகப் போவேன். முதலில் பள்ளத்துப் பக்கம் இறங்கி, வாளி சுமக்கிற அந்த அம்மாளைத் தேடிப் பிடித்து, தொட்டியை எந்த வாசலில் வைக்கட்டும் என்று கேட்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

குழாயடியில் எப்போதும் முதல் குடம் நிரப்பிய
உங்கள் மகள்
சுமதி