வெடிச்ச வயலுக்குத் தண்ணி விட்டேன்

பர்த்வான், 20.2.2009

அன்பு முபீனாவுக்கு, நத்தர்ஷாவோட ஸலாம். நான் நல்லா இருக்கேன். நீயும் வயித்துப் பிள்ளையும் சுகம்தானே? வேளாவேளைக்குச் சாப்பிடுறியா?

நான் வேலை பாக்குற இந்த நெல் ஆராய்ச்சிப் பண்ணையில ஒரு கூத்து. போன வாரம் என்னைப் புது வயலுக்கு மாத்தினாக. போய்ப் பாத்தா, பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. உத்தமபாளையத்துக்காரன் கை சும்மா இருக்குமா? மடையைத் திறந்துவிட்டுட்டேன். பெறகுதான் சொல்றாக, வேணும்னே காயப்போட்டிருக்காகளாம். எப்பவும் தண்ணி தேங்குனா சேத்துல மீத்தேன் வாயு கிளம்பி பூமியைச் சூடாக்குமாம். காயவிட்டா அது எவ்வளவு குறையுதுன்னு பயிர் மேல பெட்டியைக் கவுத்தி அளந்துக்கிட்டு இருந்திருக்காக. எல்லாத்தையும் நனைச்சுட்டேன்!

ஆராய்ச்சி பண்ற சார் திட்டல, சிரிச்சாக. ஆனா வேற வயல்ல முதல்ல இருந்து நட்டு அளக்கணுமாம். அது அறுக்கிறவரைக்கும் எனக்கு லீவு இல்லை. நீ வெசனப்படாத.

நம்ம வயலையும் இடையில காயவிட்டுப் பாரு, பயிர் தாங்கும். வயலுக்குக் கட்டுற என் பழைய கைலியை அனுப்பு, துவைக்க வேணாம்.

தபால் எடுக்க வந்துட்டாக. பிள்ளை பொறந்ததும் பாங்கு சொல்ல வேற யாரையும் கூப்பிட்டுராத. செல்போனைப் பிள்ளையோட வலது காதுல வை. நான் இங்கன இருந்து சொல்றேன்.

நத்தர்ஷா