வேலுக்கு முதுகு காட்டாதவர்கள்

திண்டுக்கல்,
மாசி பிறந்த மறுநாள்.

அன்பு மகள் தமிழ்மதிக்கு, மலைக்கோட்டை நிழலில் குடியிருந்தபடி எட்டுத் திக்கையும் கட்டி ஆளும் உன் சித்தப்பன் சோலைமலை ஆசியோடு எழுதுவது. இங்கே உன் அப்பா, அம்மா, உன் சின்னம்மா மாயம்மாள், நான், வெல்டிங் பட்டறை வாசலில் படுத்துக் கிடக்கும் கறுப்பு நாய் உட்பட அனைவரும் சுகம். நடுவில் சில நாள் நாயைத் தவிர யாரும் சுகமில்லை, அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். கோவாவில் கடல் காற்றில் நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, ஒரு கப்பலையே வெல்டிங் அடித்து ஒட்டுகிற பிள்ளைக்கு ஒரு வெஞ்சனம் வைக்க நேரமில்லை என்று உன் அம்மா புலம்புகிறாள், அவளுக்காக ஒரு நாளாவது ரசம் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. போனில் சொல்ல வேண்டியதை ஏன் காகிதத்தில் எழுதுகிறான் இந்த மனுஷன் என்று நினைப்பாய். போனில் சொன்னால் ம்ம் என்கிறாய், ம்ம் என்றபடியே வைத்துவிடுகிறாய். காகிதத்தைக் கீழே வைத்தாலும் அது அங்கேயே கிடந்து உன்னை முறைத்துக்கொண்டிருக்கும், உன் சித்தப்பனைப் போல.

விஷயத்துக்கு வருகிறேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு வருஷா வருஷம் நாம் மோர்ப்பந்தல் போடுவோம் அல்லவா, இந்த வருஷம் பந்தல் முகப்பில் ஆளைவிட உயரமாக ஒரு இரும்பு வேல் நிறுத்த வேண்டும் என்று நான் ஆணையிட்டேன். உன் அப்பா வழக்கம்போல என் ஆணையைக் காதில் போட்டுக்கொள்ளாமல், ஆனால் செய்து முடித்துவிடுவது என்று காலையிலேயே பட்டறை வாசலில் தகட்டை அறுத்து வைத்துவிட்டார். அவர் முகத்துக்குக் கவசம் பிடித்துக்கொண்டு, எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க என்று சத்தம் போட்டார். நாங்கள் திரும்பத்தான் பார்த்தோம். அப்போதுதான் உன் சின்னம்மா அந்தப் பொன்மொழியை உதிர்த்தாள்: "வேலுக்கு முதுகக் காட்டுறதா? நல்லாருக்கே மாமா நீங்க சொல்றது." அவ்வளவுதான், திரும்பப் போன கழுத்தெல்லாம் நின்றுவிட்டது. பச்சை வேட்டி கட்டிய பக்தகோடிகள், தெருவில் காய் வாங்க வந்தவர்கள், உன் அம்மா, நான், அத்தனை பேரும் வரிசையாக நின்று, வெல்டிங் வெளிச்சம் பூத்தபோதெல்லாம் அது தீபாராதனை என்று நினைத்து முழுக் கண்ணால் பார்த்தோம், கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டோம். சூரியனையே முறைத்துப் பார்த்து அதைத் தலைகுனிய வைத்தவன் நான் என்று பக்கத்தில் நின்றவரிடம் பெருமையும் அடித்தேன். முருகனுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்த ஒரே ஜீவன் அந்தக் கறுப்பு நாய்தான்.

முழு வெல்டிங் அடிக்க வேலைத் தாங்கி நிற்கும் அடித்தட்டு ஒன்றுதான் பாக்கி, அதைச் சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று உன் அப்பா இப்போதைக்குப் பிடித்து நிற்க அங்கங்கே வெல்டிங் புள்ளி மட்டும் வைத்துவிட்டு எழுந்தார். பொழுது சாயும்வரை ஒன்றும் தெரியவில்லை தாயி. விளக்கு வைக்கிற நேரத்தில் தொடங்கியது பார். கண்ணுக்குள் யாரோ ஆற்று மணலைக் கொட்டி, மேலே மிளகாய்த்தூளைத் தூவி, அம்மிக்குழவியால் அரைப்பதுபோல இருந்தது. நான் வடித்த கண்ணீரில் ஆத்தூர் அணை இரண்டடி ஏறியிருக்கும். உன் அம்மா ஒரு மூலையில், உன் சின்னம்மா ஒரு மூலையில், விளக்கை அணைங்க விளக்கை அணைங்க என்று ஒரே கூக்குரல். ஒருத்தர் உருளைக்கிழங்கை வட்டமாக வெட்டி என் கண்ணில் ஒட்டினார், ஒருத்தர் நந்தியாவட்டைப் பூவைப் பறித்துக்கொண்டு ஓடி வந்தார், கைப்பிள்ளைக்காரி வீட்டுக்குத் தாய்ப்பால் கேட்டு ஆள் போனது, அவள் நல்லவேளையாகத் திட்டி அனுப்பிவிட்டாள். உன் அப்பா மட்டும் கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் அவருக்கு வருத்தம்.

மறுநாள் கண் டாக்டரிடம் குடும்பத்தோடு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் பெட்டி மாதிரி போய்ச் சேர்ந்தோம். அந்த டாக்டர் அம்மாள் பரிசோதிக்கும் முன்னால் என் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டார்கள். அடடா, அந்த நிமிஷமே வலி போன இடம் தெரியவில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டு, தாயே அந்தப் பாட்டிலைக் கொடுங்கள், என் ராஜ்ஜியத்தில் பாதியை எழுதித் தருகிறேன் என்றேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "இது மரத்துப்போற மருந்துங்கய்யா. பரிசோதிக்கத்தான் நாங்க விடுறது, வீட்டுக்குக் குடுக்கிறதில்ல. வலி தெரியாதுன்னு விட்டுக்கிட்டே இருந்தா உள்ளாற புண்ணு ஆறவே ஆறாது, பார்வையே போயிரும்" என்றார்கள். வேறு மருந்து எழுதிக்கொடுத்து, கண்ணைக் கசக்காமல் இருட்டறையில் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். இரண்டு நாளில் எங்கள் சாம்ராஜ்யம் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் உன் சின்னம்மா உனக்குப் போன் போட்டாள். நீயும் சிரித்தாய், சிரித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னாய்: "இதுக்குப் போயா டாக்டரு சின்னம்மா, பக்கத்து ரூம் அக்கா ஒரு பாட்டில் குடுத்திருக்காங்க, ரெண்டு சொட்டு விட்டா வலி செத்த நேரத்துல போயிரும், நான் பாட்டுக்கு வேலைக்குப் போயிருவேன்." பக்கத்தில் இருந்து கேட்ட எனக்கு, தாயி, விளையாட்டெல்லாம் போய்விட்டது. அது அந்த மருந்துதானா, வேறா, எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் பயப்படுகிறேன். வலி வருவது கண் கூப்பிடுகிற குரல், அந்த வாயைப் பொத்திவிட்டு நீ மறுபடி நெருப்பின் முன்னால் போய் உட்காருகிறாய். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போ, இதைத்தான் விட்டேன் என்று காட்டு, அவர் சொல்லும்வரை ஒரு சொட்டும் விடாதே, வேலைக்கும் போகாதே.

நீ கவசம் போடாமல் இல்லை என்று எனக்குத் தெரியும், என் அண்ணன் ஈஸ்வரன் மகள் அல்லவா. ஆனால் புள்ளி வைக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன் என்று ஒருமுறை சொன்னாய். இமை என்ன இரும்புத் தகடா. ஒரு புள்ளியானாலும் கவசத்தை இறக்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்று உன் அப்பா ஆயிரம் கோடி முறை சொல்லியிருப்பார். இன்னொன்றும் அவர்தான் சொன்னார், கப்பலுக்குள் ஒரே இடத்தில் பல பேர் அடிப்பதால், பின்னால் இருக்கிறவன் வெளிச்சம் உன் கவசத்துக்குள் பின்பக்கமாகப் புகுந்து கண்ணாடியில் பட்டுக் கண்ணுக்கு வருமாம். அதற்குத்தான் இந்தக் கடிதத்தோடு வரும் பார்சல். இதில் இருக்கும் தோல் திரை பேகம்பூர் நைனா முகமது தைத்தது, கவசத்தின் பின்னால் மாட்டினால் பிடரி வரைக்கும் மறைக்கும். அளவுக்கு உன் சின்னம்மா தலையைக் கொடுத்தோம், உனக்கு மூளை கூடுதல் என்பதால் ஒரு விரல் கூட்டச் சொன்னேன், அதைக் கேட்டு அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. பக்கவாட்டு மறைப்புள்ள வெள்ளைக் கண்ணாடியும் வைத்திருக்கிறேன், அதைக் கவசத்துக்கு உள்ளே எப்போதும் போட்டுக்கொள். கூட வைத்திருக்கும் பஞ்சாமிர்தம் பக்கத்து ரூம் அக்காவுக்கும் சேர்த்துத்தான், அவள் உன்மேல் உள்ள பாசத்தில்தான் கொடுத்திருப்பாள், இந்தக் கடிதத்தை அவளுக்கும் படித்துக் காட்டு.

பாட்டில் விஷயம் உன் அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் கையோடு கூட்டிவர அடுத்த ரயிலில் ஏறிவிடுவார். நீ அந்த வேலைக்குப் போவதற்காக அவரோடு சண்டை போட்டவன் நான், என்னைத் தோற்கடித்துவிடாதே. அந்த வேல் இன்னும் புள்ளி வைத்தபடியேதான் இருக்கிறது. எங்கள் கண் அமளியில் அடித்தட்டு வேலை நின்றுபோனதால், மணல் டிரம்மில் ஊன்றிக் கயிற்றால் கட்டித்தான் பூசத்தைச் சமாளித்தோம். பூசம் முடிந்ததும் உன் அப்பா அதைப் பட்டறைக்குள் சாய்த்து வைத்தார், அடித்தட்டை அடித்து முடித்துவிடலாமே அண்ணே என்றேன். "அதை எம்மக வந்து அடிக்கட்டும். அவ கையிலதான் வெல்டிங் ஒரே ஓட்டமா வரும்" என்றார். உன் முன்னால் அவர் இதைச் சொல்ல மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன். அடுத்த பூசத்துக்கு நீ வர வேண்டும், இரண்டு கண்ணையும் முழுசாகக் கொண்டு வர வேண்டும். நீ அடிக்கும்போது நாங்கள் அத்தனை பேரும் வேலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்போம், முருகனிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டாயிற்று.

பழனியாண்டவன் துணை இருக்கட்டும், நீ நூறு வயதிலும் ஊசியில் நூல் கோக்க வேண்டும். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்குப் போன் செய், ம்ம் என்று மட்டும் சொல்லாதே.

வெல்டிங்கைத் தீபாராதனையாகப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்ட, உன் சித்தப்பன்
சோலைமலை