நூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள்

ஜூன் 17, செவ்வாய்

மூன்றாவது நாளாக மழை. குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகி, நேராகப் பதவி உயர்வுப் படிவத்தின் மேலேயே. இருபத்தொரு பக்கம். ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்கிறார்கள்: உங்கள் ஆய்வை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள்? புற்றுநோய் மருத்துவராகப் பதினாறு வருடம். தேறுவது ஒரே ஒரு கட்டுரை. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் வெற்றிலை புகையிலையை விட்டால் வாயிலுள்ள வெள்ளைத் திட்டு ஒரு வருடத்தில் மறைகிறது என்று எழுதினோமே, அது. 112 மேற்கோள். மற்றவற்றில் பாதி, நானே என்னை மேற்கோள் காட்டியது.

வாங்க: சீனி, பல்ப், பிரிண்டர் மை.

கூட்டாசிரியர், கொழும்புப் பேராசிரியர், போன். "அந்த ஒண்ணு போதும் டாக்டர். வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க."

ஜூன் 18, புதன்

ஹட்டன் கிளினிக். எண்பதுக்கு மேல் கூட்டம். நடுவில் சரோஜா. வட்டவளைப் பக்கத் தோட்டம், ஆய்வில் இருந்தவர். கன்னத்தின் உள்ளே கட்டைவிரல் அளவு புண், கல்லாகத் தடித்து. கழுத்திலும் கட்டி. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பழைய அட்டையில் என் கையெழுத்து: 'திட்டு முழுதாக மறைந்தது.'

"போன தடவை நல்லா இருந்துச்சே சரோஜா?"

"அது நான் இல்லீங்க டாக்டரம்மா. தங்கச்சி வந்தா."

"என்னது?"

"கிளினிக்குக்கு வந்தா அன்னைக்குப் பேரு போயிரும்ல. அவ லயத்து வீட்டுல சும்மாதான் இருந்தா. அட்டையக் குடுத்து அனுப்பிட்டேன். யாரும் வரலைன்னா நீங்க சங்கடப்படுவீங்கல்ல."

பேர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அதற்காக இது! நான் சங்கடப்படக்கூடாதாம்! முதலில் திட்டோடு வந்தது சரோஜாதான்; பிறகு மறுபரிசோதனை இரண்டு தடவையும் வெற்றிலையே போடாத தங்கையின் வாயைப் பார்த்து எழுதியிருக்கிறேன். முகத்தை யார் பார்த்தது? டார்ச் அடித்தேன், வாயைப் பார்த்தேன், அடுத்த ஆள்.

கத்திவிட்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. சரோஜா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். பயாப்சி எடுத்தாயிற்று.

ஜூன் 20, வெள்ளி

படிவம் அனுப்பவில்லை. மதியம் பாணும் பருப்பும், பாதி மிச்சம். பேராசிரியரிடம் சொன்னேன்.

"ஒரு பேஷண்ட்தானே? அதுக்காகப் பேப்பரையே தூக்கிப் போடுவீங்களா?"

ஒருத்தர்தான் என்று இவருக்கு யார் சொன்னது? எரிச்சல். போனை வைத்த பிறகும் எரிச்சல்.

ஜூன் 22, ஞாயிறு

தோட்டத்துக்கே போனேன். வேலையில்லாத நாள், அதனால் ஆய்வில் இருந்த அத்தனை பேரும், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு வந்துவிட்டார்கள். மறுபரிசோதனைக்கு நீங்களேதான் வந்தீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒரே சிரிப்பு.

"நான் மருமகள அனுப்புனேங்க."

"எனக்கு மதினி போனாங்க."

ஒருத்தி பெருமையாக: "நான் மூணு பேருக்குப் போயிருக்கேன் டாக்டரம்மா. பிஸ்கட்டும் தேத்தண்ணியும் நல்லா குடுத்தீங்க."

பதினொன்று வரை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை. வாய்களைப் பார்த்தேன், இந்த முறை முகத்தையும். இன்னும் இரண்டு பேருக்குப் பயாப்சி வேண்டும். திரும்பும் வழியில் பனிமூட்டம், பஸ் ஊர்ந்தது. அவமானமாக இருந்தது.

ஜூன் 23, திங்கள்

சரோஜாவின் ரிப்போர்ட். புற்றுநோய்தான்.

கட்டுரையைத் திரும்பப் பெற ஆய்விதழுக்குக் கடிதம். தவறு நேர்ந்த காரணம் என்று ஒரு கட்டம். 'பங்கேற்றவர்கள் ஏமாற்றிவிட்டார்கள்' என்று எழுதி, அடித்தேன். கொழுந்து பறிக்கும் மும்முரத்தில் புதன்கிழமை கிளினிக் வைத்தது நான். நானும் லயத்தில் பிறந்தவள்தான். பேர் போய்விடும் என்று அம்மா காய்ச்சலோடு மலையேறியதைப் பார்த்து வளர்ந்தவள். மேற்கோள் காட்டிய 112 பேருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். அதையே எழுதினேன். பேராசிரியருக்குப் பிரதி. அவர் போன் நாலு தடவை அடித்தது, எடுக்கவில்லை.

பிறகு சரோஜாவுக்குப் போன். கண்டியில் ஆபரேசன், அடுத்த வாரம் வியாழக்கிழமை, கட்டாயம் நீங்களே வரவேண்டும் என்றேன்.

"ஞாயித்துக்கெழம வைக்க முடியாதுங்களா டாக்டரம்மா?"