ஊசிக்குப் பிறகான ஓட்டம்

மார்ச் 1, ஞாயிறு

காலையில் தூறல். முழங்கால் வலி இல்லை. விரல்கள் நன்றாக மடங்குகின்றன. மூட்டுவாதத்துக்கான ஊசி வேலை செய்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் ஓட்டம் போய்விட்டது. சிங்கப்பூர் தஞ்சோங் பகார் வீட்டிலிருந்து கடலோரப் பாதை. பாதியிலேயே கால்கள் கனத்துவிட்டன. கணவர் ராபர்ட் வேகத்தைக் குறைத்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சேர்ந்து ஓடுகிறோம். அப்போதெல்லாம் மூச்சிரைக்க என் பின்னால் வந்தவர்.

"மெதுவாவே போவோம் லா. என்ன அவசரம்?"

அந்தக் கரிசனம் பிடிக்கவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

வெயில். அரை நாள் லீவு. லிட்டில் இந்தியா: முருங்கைக்கீரை, இஞ்சி, தையற்கடை. ஈஸ்டருக்கு ரவிக்கை.

"போன வருஷ அளவு பத்தாதுக்கா. இடுப்புல துணி கூடுதலா விடணும்," என்றாள் தையற்காரி.

சாப்பாடு கூடவில்லை. ஓடுவதை நிறுத்தவும் இல்லை. பிறகு ஏன்? எம்ஆர்டி ரயிலில் கண்ணாடியைப் பார்க்காமல் நின்றேன்.

மார்ச் 5, வியாழன்

மூட்டுவாத டாக்டர் நளினியிடம் கேட்டுவிட்டேன்.

"இன்டர்லூகின்-6னு ஒரு மூலக்கூறு. நோய் எதிர்ப்புச் செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு அனுப்பற சிக்னல். உங்க மூட்டு வீங்கறதுக்கு அது முக்கிய காரணம். ஆனா ஓடும்போது தசையும் அதையேதான் அனுப்புது. ஈரல்கிட்ட சர்க்கரை கேக்கும், வயித்துக் கொழுப்பைக் கரைக்கச் சொல்லும். இந்த ஊசி ரெண்டு வேலையையும் தடுக்குது."

"அதனாலதான் ஓட முடியலயா?"

"எடைக்கு அது ஒரு காரணமா இருக்கலாம். ஓட்டத்துக்கு உறுதியா சொல்ல முடியாது, ஸ்டெல்லா. இந்த வியாதியே ஆளைச் சோர்வாக்கும். ஊசியை மட்டும் விட்டுடாதீங்க."

தலையாட்டினேன்.

மார்ச் 7, சனி

வாராந்திர ஊசி நாள். போடவில்லை. ஃபிரிட்ஜில் தயிர் டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். ராபர்ட்டிடம் "போட்டாச்சு." அடுத்த மாதம் பத்து கி.மீ. ஓட்டம், இருவர் பெயரும் கொடுத்திருக்கிறோம். அவர் பக்கத்திலேயே ஓடி முடிக்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

விடாத மழை. அடுத்த ஊசியையும் விட்டாயிற்று. கால்கள் அதே கனம். விரல்கள் மட்டும் வீங்கிவிட்டன. காலையில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ராபர்ட் போட்டுவிட்டார். பாதியில் நிறுத்தி, போய் ஃபிரிட்ஜைத் திறந்தார்.

"போட்டாச்சுன்னு சொன்னியே?"

"உங்ககூட ஓடணும்னுதான்."

"அப்ப நானும் ஓடல. பேரை எடுத்துடலாம்."

"எனக்காக நிறுத்தினீங்கன்னா, அதைத் தாங்க என்னால முடியாது."

மிச்சப் பொத்தான்களைப் போட்டார்.

பிறகு நானே கிளினிக்குக்குப் போன் செய்தேன். யாரும் திட்டவில்லை. இன்றே போடச் சொன்னார்கள். போட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

மேகமூட்டம். வீக்கம் இன்னும் வடியவில்லை. சர்ச்சுக்கு முன் இருவரும் கடலோரம். நான் நடக்க, அவரும் நடந்தார், ஓட்டக் காலணியோடு.

"நீங்க ஓடுங்க."

"பரவால்ல லா."

"ஓடுங்க ராபர்ட். திரும்பிப் பாக்காதீங்க. பாத்தா நான் ஓடி வரப் பாப்பேன்."

என் கையைப் பிடித்தார், வலிக்காமல். பிறகு ஓடினார். முதலில் மெதுவாக, அப்புறம் அவருடைய உண்மையான வேகத்தில். இவ்வளவு வேகமாக ஓடுவார் என்றே எனக்குத் தெரியாது.

திரும்பிப் பார்க்கவில்லை.