காற்றுப்பட்ட சேறு

பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. எல்லோரும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், உன் அப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது, அந்த அளவுக்குச் சுகம். அங்கே குளிர் எப்படி, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா.

உன் தங்கை கடலுக்கடியில் நட்ட புல் மொத்தமும் போய்விட்டது. நேற்று ஒரு கொத்தைப் பிடுங்கி வந்து குளியலறையில் அலசிக்கொண்டிருந்தாள். இலை மஞ்சள், வேர் தீய்ந்த திரி மாதிரி கறுப்பு, தொட்டால் கையோடு வருகிறது. சேற்றில் சத்துக்குக் குறைவில்லையாம், கந்தக வாயு வேருக்குள் ஏறிவிட்டதால் உறிஞ்ச முடியவில்லையாம். தட்டு நிறைய சோறு இருக்கு, தொண்டையை யாரோ நெரிக்கிறாங்கம்மா என்றாள். லீவில் வந்தபோது அண்ணன் சோதித்துச் சொன்ன இடமாயிற்றே, சேறு சுத்தம் என்றானே, எங்கிருந்து வந்தது கந்தகம் என்று என்னையே கேட்கிறாள். நான் தண்ணீர் ஊற்றினேன்.

அவள் வேலை பார்க்கும் கடல் ஆய்வு நிலையத்தில் அவளை நார் நாராய்க் கிழிக்கிறார்கள். படகோட்டி அவளுக்குக் கருவேர் என்று பெயர் வைத்திருக்கிறான். உங்க அண்ணன் மூளையில பாதி இருந்தாக்கூட புல்லு பொழைச்சிருக்கும் என்றாராம் மேலாளர், எல்லோர் முன்னாலும். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். உன்னைப் புகழ்ந்தாரே என்று அவளுக்குப் பெருமையாம். திங்கட்கிழமை விசாரணை, நட்டதில் கவனக்குறைவு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

போன வாரம் போனில் நீ சொன்னது காதை விட்டுப் போகவில்லை. நாத்தம் தாங்கலன்னு அப்பா கத்துனாரு, சோதிக்க எடுத்துட்டு வந்த சேத்துக் குழாயைத் தொறந்து மாடியில வெச்சேன், காத்து பட்டா கந்தகம் போயிடும்னு தெரியும்மா, மறந்தே போச்சு, அதுக்கப்புறம்தான் சோதிச்சேன் என்றாய். மறதி யாருக்கும் வரும், அதில் எனக்குக் கோபமில்லை. தங்கச்சிகிட்ட சொல்லிடாதம்மா, இங்க என் வேலை இன்னும் நிரந்தரமாகல என்றாயே, அதுதான். அவள் வேலை மட்டும் நிரந்தரமா. நான் பதில் சொல்லாமல் போனை வைத்தேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது. மேலாளரை நீயே கூப்பிட்டு உண்மையைச் சொல்வாய் என்று தினமும் பார்த்தேன்.

இதை முடித்துவிட்டு அவளிடம் சொல்லப்போகிறேன். கேட்டுவிட்டு அழுவாள், ஆனால் விசாரணையில் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள், பழியைத் தானே சுமந்துகொண்டு வருவாள். அதனால் திங்கட்கிழமை நானும் கூடப் போகிறேன். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் பேசி முடித்திருப்பேன்.

நன்றாக இரு. கசப்போடு சொன்னாலும் ஆசி ஆசிதான். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. தங்கை கூப்பிட்டால் போனை எடு.

உன் அம்மா,
அவளுக்கும் அம்மா.